காலை ரீடிங் அனுப்பியாச்சு

வாங்க தம்பி, உள்ள வாங்க. ஆசுபத்திரிப் பொட்டி எங்கயும் ஓடிப் போயிறாது. மொதல்ல அடையாள அட்டை இருந்தாக் காட்டுங்க பாப்போம். கோவிச்சுக்காதீங்க. நானும் முப்பத்தொரு வருசம் கழுத்துல அட்டையத் தொங்கப் போட்டுட்டு ஊடூடாப் போனவன்தான். கரண்ட் ஆபீசுல ரீடிங் எடுக்கற வேலை. இந்தக் கோபியில என்ற கால் படாத வாசப்படி கெடையாதுங்க. நாச்சிமுத்து வர்றான்னா நாய் கூடக் குலைக்காது, வாலை ஆட்டிட்டு அக்கட்டப் போயிரும்.

உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுல துணி கெடக்குது. இதுல உக்காருங்க. இதுலயும் துணிதான், சித்தத் தள்ளிப்போட்டு உக்காருங்க. காப்பி கேக்காதீங்க, பால்காரனை நிறுத்திப் பத்து நாளாச்சு.

உங்களை எதுக்குத் தாட்டி உட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. இந்தப் பொட்டிய வாங்கிட்டுப் போயி திருப்பூருல என்ற மக வாசுகி ஊட்ல வெக்கோணும். என்ற ஊட்டுக்காரி மயிலாத்தா, ரெண்டாவது ஆபரேசன் முடிஞ்சு, இன்னைக்குப் பொழுதோட அங்க போயி எறங்கறா. இங்க இல்ல, அங்க. முப்பத்தாறு வருசம் குடித்தனம் பண்ணுன ஊடு இங்க இருக்குது, புருசன் குத்துக்கல்லாட்ட இங்க இருக்கறன், அவ போறது மக ஊட்டுக்கு. எல்லாம் என்ற மக பண்ற வேலைங்க. மயிலாத்தாளுக்கு அப்படியெல்லாம் சொந்தமா ரோசனை பண்ணத் தெரியாது.

அதனால சொல்றன், கேட்டுக்குங்க. பொட்டி இங்க இருந்தா அவ இங்க வந்துதானே ஆகோணும்? பொட்டி இல்லாம உங்க ஆசுபத்திரிக்காரங்க வெளிய உட மாட்டாங்கல்ல? பொட்டி போச்சுன்னா அவளும் போனதுதான். நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு, ஈரோட்டுல உக்காந்திருக்குதே அந்த ஜெபராணி சிஸ்டர், அதுகிட்ட அப்படியே போயி ஒப்பிங்க. அதுக்கப்புறம் தர்றதா வேண்டாமான்னு பாக்கலாம்.

மயிலாத்தாளுக்குக் குடலெறக்கம். வயித்துல பந்தாட்டம் துருத்திட்டு இருந்துச்சுங்க, நாலஞ்சு வருசமா. ஒண்ணும் பண்ணாதுன்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தன். வாசுகி கேக்குல, இழுத்துட்டுப் போயிட்டா. வயித்தைக் கிழிச்சு உள்ள வலை வெச்சுத் தெச்சாங்க. நாலாம் நாளு, டாக்டர் வந்து, "நாளைக்கு ஊட்டுக்குப் போலாம்"ங்கறார். எங்கம்மாவுக்கு அந்தக் காலத்துல வயித்துல கட்டி எடுத்தப்போ பதினஞ்சு நாளு கட்டில்லயே போட்டிருந்தாங்க. இது நாலு நாளு! கேட்டா, "வீட்டுல இருந்தாத்தான் சீக்கிரம் நல்லாகும், நாங்க இங்க இருந்தே பாத்துக்குவோம்"னு இந்தப் பொட்டியக் கையில குடுத்தாங்க. இங்கிருந்து ஈரோட்டுக்கு எத்தனை மைலு? இங்க இருமுனா அங்க கேக்குமா?

தொறந்து பாத்தன். கையில சுத்திப் பிரசர் பாக்கறது ஒண்ணு, வெரலுல கிளிப்பு ஒண்ணு, தெர்மாமீட்டரு ஒண்ணு, ஒரு போனு. அந்தப் போனுல நாமளா ஆருக்கும் பேச முடியாது, பாட்டுக் கேக்க முடியாது, ஒண்ணும் முடியாது. காலைல எட்டு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் அளந்து பாத்து, நம்பரை அதுல அடிச்சு அனுப்போணும். காச்சல் எத்தனை, நாடி எத்தனை, பிரசர் எத்தனை, வலி எத்தனை. மூணு நாளைக்கொருக்கா தையலைப் படம் எடுத்து அனுப்போணும். அனுப்புனா அக்கட்ட இந்த ஜெபராணி சிஸ்டர் ஏசி ரூம்புல உக்காந்து பாக்குமாம். அது ஒருத்திக்கு எங்களாட்டம் நாப்பது ஊடாமா.

நோகாம நோம்பி கும்புடறதுங்கறது இதுதானுங்க. நாங்கெல்லாம் சித்திரை வெயில்ல ஊடு ஊடா ஏறி எறங்கி, நாய்க்குப் பயந்து, ஏணி போட்டு ஏறி, ஒட்டடையத் தொடைச்சுட்டுப் பாத்து எழுதுனோம். ரீடிங்குன்னா நேருல போயிப் பாக்கோணும். உக்காந்த எடத்துல எவனோ சொல்றத நம்பிப் பதியறதுக்குப் பேரு ரீடிங்கா?

மொத நாளு, திங்கக்கெழமை சாயங்காலம், நான் ஒழுங்காத்தான் பாத்தனுங்க. காச்சல் தொண்ணூத்தொம்பது புள்ளி ரெண்டு. அனுப்பி அஞ்சு நிமிசம் ஆகுல, போனு அடிக்குது. "சார், அம்மாவுக்கு லேசாச் சூடு இருக்கு. தண்ணி நெறையக் குடுங்க. பத்து நாளைக்கு யாரும் பாக்க வர வேண்டாம். கனமா எதையும் தூக்க உடாதீங்க. அம்மாகிட்டக் குடுங்க, நான் பேசுதேன்." தெக்கத்திப் பேச்சு. சொல்லுதேன், பேசுதேன். புருசன் இங்க இருக்கறப்போ அவகிட்ட என்ன பேச்சு? இருந்தாலும் குடுத்தன்.

"அம்மா, வலி எத்தனை? ஒண்ணுமே இல்லன்னா சுழி, தாங்கவே முடியலன்னா பத்து. நீங்க எத்தனை சொல்லுதீங்க?"

மயிலாத்தா ரோசனை பண்ணிட்டு, "ஏழுங்க"ங்கறா.

ஏழாம்! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். போனைப் புடுங்கி, "அவளுக்குக் கணக்கு வராது அம்மிணி, ரெண்டுன்னு போட்டுக்குங்க"ன்னன். ஏழுன்னா என்னன்னு அவளுக்குத் தெரியுமாங்க? வாசுகி பொறந்தப்போ ஒரு ராத்திரி ஒரு பகல் கெடந்தா, ஒரு சத்தம் போடுல. வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த எனக்கே ஒண்ணும் கேக்குல. அதுக்கே சத்தம் இல்ல, இதுக்கு ஏழா? அந்தம்மா உடுல. "சார், வலி அவங்களுக்குத்தானே? அவங்கதான் சொல்லணும்"னு மறுக்காக் கேட்டுச்சு. நான் மயிலாத்தாளைப் பாத்தன். அவ என்னைப் பாத்தா. "ரெண்டுங்க"ன்னு சொல்லிப்போட்டா. பாத்தீங்களா? எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்கற ஆளுதானுங்க அவ. அதுக்கப்புறம் நான் அதைக் கேக்கறதே இல்ல. தெனமும் ரெண்டு.

செவ்வாக்கெழமை என்ற அக்கா காங்கேயத்துலிருந்து வந்துச்சு. ஒட்டுக்கா எட்டுப் பேரு, ஒரு வேனு. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமா டேபிள்ல எடமில்ல. இப்ப அந்த சிஸ்டர் சொல்லுது, ஆரும் வரக்கூடாதுன்னு. சீக்குக்காரியைப் பாக்க ஒறம்பரை வராம வேற ஆரைப் பாக்க வருவாங்க? நம்ம ஊட்டுக் கதவைச் சாத்திட்டு, "ஈரோட்டுல ஒரு பொம்பளை சொல்லியிருக்குது, திரும்பிப் போங்க"ன்னு சொல்ல முடியுமாங்க? நாளைக்கு நம்ம ஊட்ல ஒரு நல்லது கெட்டதுக்கு ஆரு வருவா?

வந்தவங்களைக் காப்பித்தண்ணி கூட இல்லாமத் தாட்டி உட முடியாதில்ல. எனக்கு அடுப்புப் பக்கம் போயிப் பழக்கமில்லீங்க. நான் ஒண்ணும் அவளைச் செய்யுன்னு சொல்லுல. "அக்கா வந்திருக்குது"ன்னுதான் சொன்னன். அவளாத்தான் செவுத்தைப் புடிச்சுட்டு எந்திரிச்சா. காப்பி வெச்சா, அப்படியே கையோட உப்புமாவும் கிண்டிப்போட்டா. கனமாத் தூக்குனாளான்னு அப்பறம் டாக்டரு என்னைக் கேட்டாரு. கொடமெல்லாம் இல்லீங்க. தண்ணிக் குண்டாதான். அதுலயும் பாதித் தண்ணிதான் இருந்திருக்கும். அக்கா கூடச் சொல்லிட்டுப் போச்சு, "மயிலா நல்லாத்தான்டா இருக்கறா, நீதான் எளைச்சுட்ட"ன்னு.

மறுநாள் புதன்கெழமை. இங்கதானுங்க எல்லாரும் என்னைப் புடிச்சுட்டுத் தொங்கறாங்க. காலைல எட்டு மணி. அவ ராத்திரியெல்லாம் பொரண்டுட்டு அப்பத்தான் கண்ணசந்தா. எழுப்பறதா? தூங்கறவளை எழுப்பிக் கையில பட்டையச் சுத்துனாப் பாவமில்லீங்களா? ஆனா ரீடிங் நிக்கக் கூடாது. என்ன பண்ணுவீங்க? நான் முப்பத்தொரு வருசம் பண்ணுனதைப் பண்ணுனன்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ரீடிங் எடுக்கப் போறோம், ஊடு பூட்டிக் கெடக்குது, மீட்டரு உள்ள இருக்குது. அதுக்காகக் கதவை ஒடைக்க முடியுமா? "டோர் லாக்"னு ஒரு கணக்கு இருக்குதுங்க. போன தடவை எத்தனை ஓடுச்சோ அதையே இந்தத் தடவையும் போட்டுட்டுப் போயிருவோம். அடுத்த தடவை கதவு தொறந்திருக்கறப்போ உள்ளது சரியாயிரும். ஆரும் நட்டப்பட மாட்டாங்க. ஆபீசே ஒத்துக்கிட்ட கணக்கு, நான் கண்டுபுடிச்சதில்ல. மயிலாத்தா தூங்கறா. டோர் லாக். முந்துன நாளு நம்பரையே போட்டன். என்ன தப்புங்கறன்?

போனு வருமோன்னு பாத்தன். வருல. நம்பர் நல்லா இருந்தா அந்தம்மா போனே பண்ணாது, அது அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஏழுன்னா கூப்புடும், ரெண்டுன்னா கம்முனு இருக்கும். தொண்ணூத்தொம்பதுன்னா கூப்புடும், தொண்ணூத்தெட்டுன்னா கம்முனு இருக்கும். அப்ப எது நல்லதுங்க, சொல்லுங்க? ஒரு சீக்குக்காரி இருக்கற ஊட்ல அமைதி வேணுமா வேண்டாமா?

அதுக்கப்புறம் சாயங்காலமும் அப்படியே. மறுநாளும் அப்படியே. ஆனா ஒண்ணுங்க, ஏனோதானோன்னு செய்யுல. இந்தா, இந்த நோட்டைப் பாருங்க. கோடு போட்டு, தேதி போட்டு, எப்படி இருக்குது கையெழுத்து? ஒரே நம்பரைத் திரும்பத் திரும்பப் போட்டா மேல இருக்கறவனுக்குச் சந்தேகம் வரும். தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு, அப்பறம் ஆறு, அப்பறம் ரெண்டு, மறுக்கா நாலு. நாடி எழுவத்தாறு, எழுவத்தெட்டு, எழுவத்தஞ்சு. அளந்து பாத்தாக் கூட இம்புட்டு அழகா வராதுங்க. படமும் அப்படித்தான். மூணு நாளைக்கொருக்கா அவளைப் படுக்கப் போட்டுக் கட்டைப் பிரிக்கறதுக்குப் பதிலா செவ்வாக்கெழமையே மூணும் எடுத்துட்டன். ஒண்ணு ஜன்னலோரம், ஒண்ணு லைட்டைப் போட்டு, ஒண்ணு பொடவை மாத்தி. அந்தப் பொடவை மாத்தற ரோசனை உங்க ஆசுபத்திரியில எவனுக்காச்சும் வருமா?

நீங்க என்னங்க நோட்டையே பாத்துட்டு இருக்கறீங்க? தண்ணி குடிங்க.

நடுவால ரெண்டு மூணு தடவை அந்தம்மா கூப்புட்டுச்சு. நம்பர் நல்லா இருந்தும் கூப்புட்டுச்சு, அதான் எரிச்சல். "சார், அம்மா குரலை ஒரு தடவை கேக்கணும்." ஒரு நாளு தூங்கறான்னு சொன்னன். ஒரு நாளு குளிக்கறான்னு சொன்னன். ஒரு நாளு பச்சைமலைக் கோயிலுக்குப் போயிருக்கறான்னு சொல்லிப்போட்டன். "மலையேறியா சார் போனாங்க?"ங்குது. "அந்தளவுக்குத் தேறிட்டா அம்மிணி"ன்னன். பின்ன என்னங்க? குடுத்தா மறுக்கா ஏழும்பா, எட்டும்பா, உடனே கூட்டிட்டு வா, ஊசி போடு, ரத்தம் எடும்பாங்க. அவளை அலைய உடாமப் பாத்துக்கிட்டது நான். அது ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது.

சீக்கு முத்துறது எனக்கு எப்படிங்க தெரியும்? நான் டாக்டரா? அவ மொனகுனா. வயசானா மொனகத்தான் செய்வாங்க. சோறு எறங்குலன்னா. படுத்தே கெடந்தா எப்படி எறங்கும்? ஆனா பாருங்க, அன்னாடும் பொடவையைத் தொவைச்சுட்டே இருந்தா. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. உள்பாவாடை, துண்டு, எல்லாம் அவளே அலசிக் கொடியில போட்டுருவா. என்ற கையில ஒண்ணும் குடுக்க மாட்டா. சீக்குக்காரிக்கு இம்புட்டுத் தெம்பு வருமாங்க? நல்லாயிட்டு வர்றா, சுத்தபத்தமா இருக்கறான்னுதான் நான் நெனச்சன். சீழ் கசியுதுன்னு வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்? கூடவே இருக்கற எங்கிட்டச் சொல்லுல. அவ பேர்ல தப்பில்லையாங்க? அதை ஒருத்தர் கேக்குலீங்க அவளை.

அடுத்த வாரம் வியாழக்கெழமை காலைல. எட்டு மணிக்கு நான் ரீடிங்கை அனுப்பிப்போட்டு, பேப்பரைப் பிரிச்சுட்டு உக்காந்திருக்கறன். ஒம்பது இருக்கும். உள்ளேயிருந்து கூப்புடறா. போயிப் பாத்தா, ரெண்டு போர்வையைப் போத்திட்டுப் பல்லு கடகடங்குது.

"ஏனுங், குளுருதுங். அந்தத் தெர்மாமீட்டரைச் சித்த வெச்சுப் பாருங்."

நான் சொன்னன், "காலை ரீடிங் அனுப்பியாச்சு மயிலா. இனி சாயங்காலம் ஆறு மணிக்குத்தான்."

அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. நான் சும்மா வந்துருல தம்பி, அதையும் அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. சன்னலைச் சாத்துனன். ஃபேனை நிறுத்துனன். எதுத்தாப்பல பெட்டிக்கடைக்குப் போயி ஒரு காச்சல் மாத்திரை வாங்கிட்டு வந்து வெச்சன். மார்கழிக் குளுரு, ஆருக்கும் குளுரத்தான் செய்யும். மறுநாள் வெள்ளிக்கெழமை தையல் பிரிக்க எப்படியும் ஈரோடு போகப் போறோம். ஒரு நாளுதானே? நல்லா இருக்கறாப்பல நம்பர் போட்டுட்டு, மத்தியானத்துல திடீர்னு நூத்திரெண்டுன்னு அனுப்புனா, அந்தம்மா என்ன நெனைக்கும்? அத்தனை நாளு போட்டதெல்லாம் பொய்யின்னு ஆயிராதா? ஒரு கணக்கை எடுத்தா கடைசி வரைக்கும் ஒழுங்காக் கொண்டு போகோணுமுங்க.

மத்தியானம் ரெண்டு மணிக்கு வாசுகியும் மாப்பளையும் கார்ல வந்து எறங்குனாங்க. சொல்லாமக் கொள்ளாம. "அம்மா போன்ல பேசவே மாட்டேங்கறா"ன்னு வந்தாளாம். நான் அப்பத்தான் இலையில உக்காந்தன். பக்கத்து மெஸ்ல வாங்குன சாப்பாடு. உள்ள போனவ ஒரு கத்துக் கத்துனா பாருங்க. அம்மாவைத் தொட்டிருக்கறா, போர்வைய எடுத்திருக்கறா. வெளிய வந்து என்ற எதுக்க நின்னுட்டு, "அப்பா, அம்மா ஒடம்பு கொதிக்குது. வயித்துல சீழ் வழியுது. ரூமெல்லாம் நாறுது, உங்களுக்குத் தெரியலையா?"ங்கறா. எனக்குப் பத்து வருசமா மூக்கடைப்பு, அது அவளுக்கே தெரியும்.

"எந்திரிங்க, போலாம்"ங்கறா. இலையில உக்காந்தவன் பாதியில எந்திரிக்கக் கூடாதுங்க. "போங்க, நான் உண்டுட்டுப் பின்னாலயே பஸ்சுல வந்தர்றன்"னன். மாப்பளை என்னை ஒரு பார்வை பாத்தாரு. பனியன் கம்பெனியில கம்ப்யூட்டர் தட்டறவரு, அவருக்கென்ன தெரியும் இலையோட மரியாதை. ரெண்டு பேருமா அவளைத் தூக்கிக் கார்ல போட்டுட்டுப் போயிட்டாங்க.

நான் உண்டுட்டு, ஊட்டைச் சாத்தி, சித்த நேரம் கண்ணசந்துட்டன். எந்திரிச்சாப் பொழுதெறங்கிருச்சு. பஸ்சுக்குக் கெளம்பறன், மணி பாக்கறன், ஆறு. கை தானாப் பொட்டிக்குப் போயிருச்சுங்க. பழக்கம். தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. நாடி எழுவத்தெட்டு. வலி ரெண்டு. அனுப்பிப்போட்டு செருப்பை மாட்டறன், போனு அடிக்குது.

"சார், இந்த ரீடிங் யாரோடது?"

"பேசண்டோடதுதான் அம்மிணி. வேற ஆருது?"

"அம்மா அஞ்சரை மணியிலிருந்து ஆபரேசன் தியேட்டர்ல இருக்காங்க சார்."

இருக்கறது தியேட்டராவே இருக்கட்டும், ரீடிங் நேரம் ஆறுதானே? "நெட்டு லேட்டா வந்திருக்கும்"னன். அந்தம்மா "நீங்க அனுப்புனத நான் நம்புனேன் சார்"னு சொல்லிட்டு வெச்சுருச்சு. என்னுமோ நான் அதை ஏமாத்துனாப்பல. ஏம்மா, நீ ஏசி ரூம்புல உக்காந்துட்டு நம்புன. உன்னை ஆரு நம்பச் சொன்னா? ஒரு நடை வந்து நேருல பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமில்ல? அது வேலைய அது பாக்குல, பழி எம்மேல.

உள்ள வெச்ச வலையில சீழ் கட்டி, வலையையே உருவி எடுத்துட்டாங்க. நாலு நாளு ஐசியூ. இன்னும் ஒரு நாளு உட்டிருந்தாக் கைய விரிச்சிருப்போம்னு பெரிய டாக்டரு சொன்னாரு. ஒரு நாளு உடுலயே, அப்பறம் என்ன? பொழைச்சுட்டாள்ல? அந்த நாலு நாளும் ஐசியூ வாசல்ல நான்தான் உக்காந்திருந்தன். கண்ணாடி வழியாப் பாத்தா, அவ தலைமாட்டுல ஒரு மெசினு. பச்சையில நம்பர் ஓடிட்டே இருக்குது. நூத்திருவது, நூத்திருவத்தஞ்சு. ஆரும் எழுதுல, அதுவா ஓடுது. எனக்கு அதைப் பாக்கவே முடியுலீங்க. பயமா இருந்துச்சு. எந்திரிச்சு எதுத்த செவுத்தைப் பாத்து உக்காந்துக்கிட்டன். இதை அவங்ககிட்டச் சொல்ல வேண்டாம்.

அஞ்சாம் நாளு ஜெபராணி சிஸ்டர், நான் அனுப்புனதையெல்லாம் ஒரு காயிதத்துல அச்சடிச்சு எடுத்துட்டு வந்துச்சு. மொத்தம் இருவத்தொண்ணு. குரலை வெச்சு நான் பெரிய ஆளாட்டம் நெனச்சிருந்தன், பாத்தா என்ற தோளுக்கு இல்ல. வாசுகி எதுக்கவே கேக்குது, "சார், இதுல எது எது நெசமா அளந்தது, பேனாவால வட்டம் போடுங்க, டாக்டர் கேக்காங்க." மறைக்கறதுக்கு என்ன இருக்குதுங்க? மொத மூணுக்கு வட்டம் போட்டன். மீதி பதினெட்டும் டோர் லாக்குன்னு வெளக்கமாச் சொன்னன். அது புரிஞ்சுக்குல. வாசுகி அந்தக் காயிதத்தை வாங்கிப் பாத்தா. அன்னைக்குப் பேச்சை நிறுத்துனவதான். பெத்த மக. சோறு உண்டீங்களான்னு ஒரு வார்த்தை இல்ல.

சரி, மக பேசாட்டிப் போறா. மயிலாத்தா பேசுவாள்ல? எட்டு நாளா வார்டுல பக்கத்துலயே இருந்தன். தண்ணி வேணுமாம்பன். தலைய ஆட்டுவா. வலிக்குதாம்பன். கண்ணை மூடிக்குவா. புண்ணு வலி, பேச முடியாதுன்னு நானும் கம்முனு இருந்துட்டன்.

இருங்க, எந்திரிக்காதீங்க. முக்கியமான சேதியே இனிமேதான் இருக்குது.

நேத்து மத்தியானம், வெளிய உடறதுக்கு முன்னால, மறுக்கா அந்த சிஸ்டர் வந்துச்சு. கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உக்காந்து, மடியில ஒரு காயிதம். எங்கிட்டக் கேக்குல. வாசுகிகிட்டயும் கேக்குல. மயிலாத்தா கையப் புடிச்சுட்டு அவகிட்டயே கேட்டுச்சு. "அம்மா, உங்க வீட்டுல உங்களப் பாத்துக்கிடுறதுக்கு யாரு இருக்காங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. கேள்வியப் பாருங்க. ஆளு எதுக்கவே நிக்கறன்!

மயிலாத்தா வாயத் தொறந்தா. பன்னெண்டு நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் அவ கொரலையே கேக்கறன். தெளிவாத்தான் சொன்னா.

"எங்க ஊட்லயாங்க? எங்க ஊட்ல ஆருமில்லீங்க. நான் மக ஊட்டுக்கே போறனுங்க."

சிஸ்டர் அதை அப்படியே எழுதிக்கிச்சு.

அது மயக்க மருந்துங்க தம்பி. வேற ஒண்ணுமில்ல. ஆபரேசன் ஆகிப் பன்னெண்டு நாளாச்சு, மருந்தெல்லாம் எப்பவோ எறங்கியிருக்கும்னு வாசுகி எனக்குக் கேக்கறாப்பல மாப்பளைகிட்டச் சொல்றா. அவ என்ன டாக்டரா? சில ஒடம்புக்கு ஒரு மாசம் கூட ஆகும். நீங்க போயி அந்தக் காயிதத்துல அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சுட்டு என்ற பேரை எழுதச் சொல்லுங்க. நாச்சிமுத்து, புருசன், இதே அட்ரஸ். எழுதுனா நான் பொட்டியத் தர்றன். எழுதாட்டியும்... எடுத்துட்டுப் போங்க, அவளுக்கு ஆறு மணிக்குப் பாக்கோணும்.

ஆனா இதை மட்டும் சொல்லிருங்க. ஆருமில்லீங்கன்னு அவ சொல்றப்போ, நான் அவ கால்மாட்டுலயேதானுங்க நின்னுட்டிருந்தன், அவளுக்கு வாங்குன எளநியக் கையில வெச்சுட்டு.